மாச்சட்டியில் உறைந்த சேறு

அந்தக் கிழமை முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். லண்டன் குளிரை நம்பி வாயைக் கொடுத்திருந்தேன். விசர் வேலை.

குடிநீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் எனக்குத் தற்காலிக வேலை. வடிகட்டிகளைக் கழுவிய கழிவுநீரில் கூழ் போல ஒரு சேறு தங்கும். லேசில் தண்ணீரை விடாது. பிழியும் இயந்திரம் பழுதானபோது, சேற்றைக் குளிரில் உறையவிட்டு உருக்கினால் தண்ணீர் தானாகப் பிரியும், முன்பு நான் வேலை செய்த நோர்வேயில் அப்படித்தான் செய்தோம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை செய்து காட்டச் சொன்னார். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அவர் முடிவெடுக்கும் நாளும் அதுதான்.

வெள்ளி பின்னேரம் ஹவுன்ஸ்லோ வீட்டுப் பின்வளவில், தோசைமா கரைக்கும் பழைய மாச்சட்டியில் சேற்றை ஊற்றி மூடி வைத்தேன். அடிவரை உறையவேண்டும், நடுவில் உறையாமல் நின்றது கூழாகவே இருக்கும். எங்களோடு இருக்கும் மாமியிடம் மூச்சுவிடவில்லை. சேறென்று தெரிந்தால் வீட்டையே கழுவி ஊற்றிவிடுவார். விமான நிலையத்தில் வேலை செய்யும் கணவரோ குளிர் குறையவேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்தார். நல்ல குடும்பம். சனி மத்தியானம் மேகம் மூடியது. மேகம் மூடினால் குளிர் விட்டுவிடும். திறந்து பார்க்கவும் பயம்.

ஞாயிறு காலை சட்டியைக் காணவில்லை. தேடினால் குசினியில், ஹீட்டருக்குப் பக்கத்தில், கம்பளி சுற்றிக் கிடந்தது. தோசைமா புளிக்க நாங்கள் வைக்கும் இடம்.

"மாமி, இதை ஆர் உள்ளை கொண்டுவந்தது?"

"நான்தான் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் பார்த்தன், மாவை வெளியிலை மறந்துபோட்டாய். நிறமும் மாறி, கல்லாட்டம் இறுகிக் கிடந்தது."

கல்லாட்டம். அப்படியென்றால் அடிவரை உறைந்திருக்கிறது. ஆனால் மாவென்று நினைத்தவர் கரண்டி போடாமல் விட்டிருப்பாரா? கலக்கினால் பிரிந்ததெல்லாம் குழம்பிவிடும்.

"கிண்டினனீங்களோ?"

"இல்லை. விடியப் பார்த்தால் மேலாலை தெளிஞ்ச தண்ணியெல்லோ நிண்டது. அதை வடிச்சு ஊத்திப்போட்டன்."

"எவ்வளவு தண்ணி?"

"முக்கால் சட்டி வரும். அடியிலை குறுணிதான் மிச்சம்."

மூடியைத் திறந்தேன். கோப்பித்தூள் போல மண்ணிறக் குறுணி. கூழைக் காணவில்லை. மேலாளருக்குக் காட்ட இது போதும். அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமி பயந்துபோய் என் தலையைத் தடவ வந்தார்.

"மா பழுதானதுக்கு ஆரும் அழுவினமோ? நாளைக்கு அரைப்பம் பிள்ளை."

"தலையிலை கை வைக்காதேங்கோ மாமி," என்றேன். "முதல் கையைக் கழுவுங்கோ."