உப்பில்லாத களி

விருத்தாம்பாள் களி கிண்டினால் வங்கக் கடல் ஒரு நிமிஷம் அலையை நிறுத்திவிட்டு வாசம் பிடிக்கும். சரி, கடலை விடுங்கள், அது கொஞ்சம் ஜாஸ்திதான். அண்ணாமலை நகரில் அவள் மெஸ் இருக்கிற சந்தில் நாலு நாய்களாவது எழுந்து உட்காரும். அதில் பொய்யில்லை.

அந்த மெஸ்ஸில் தினமும் சாப்பிடுகிறவர்களில் ஏழு பேர் தான்சானியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். அவர்களில் நேமா என்ற பெண் மூன்று வருஷத்தில் தமிழையும் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, அடுத்த மாசத்துலேந்து நாங்க வரல. ரூம்லயே சமைக்கப் போறோம். உகாலி இல்லாம முடியல.”

விருத்தாம்பாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பரீட்சை முடிந்து உள்ளூர்ப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டினால், மெஸ்ஸை ஓட்டுவதே இந்த ஏழு தட்டுகள்தான். அவையும் போனால் கதவைச் சாத்திவிட்டு மஞ்சக்குப்பத்தில் தம்பி வீட்டோடு போய் ஒண்ட வேண்டியதுதான். தம்பி பெண்டாட்டி வைக்கிற ரசத்தை நினைத்தாலே அவளுக்குப் புரையேறும்.

“உகாலின்னா என்னாடி?”

“மக்காச்சோள மாவு, தண்ணி. கெட்டியா கிண்டணும்.”

“அட, களி! இத மூணு வருஷமா சொல்லாம வாயிலயே வச்சிருந்தியா? நாளைக்கே போடுறேன்.”

போட்டாள். தட்டைப் பார்த்ததும் ஏழு முகமும் சுருங்கின.

“மஞ்ச சோளம் எங்க ஊர்ல கோழிக்கு, அக்கா” என்றாள் நேமா.

“இங்கயும் கோழிக்குத்தாம்மா” என்றார் விருத்தாம்பாளின் கணவர் பொன்னுரங்கம். சொன்ன குற்றத்துக்கு அவரே பஸ் ஏறி மங்கலம்பேட்டைப் பக்கம் அலைந்து, ஒரு சோளக்காட்டுக்காரரிடம் வெள்ளை மக்காச்சோளம் வாங்கி அரைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் நேமா அடுப்படியில் நின்றாள். அவளுடைய அம்மா மொரோகோரோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமைப்பவர். போனில் வீடியோ வழியாக அவரும் நின்றார். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டவேண்டும். விருத்தாம்பாளின் மணிக்கட்டைப் பார்த்து அந்த அம்மா கைதட்டினார். அடுத்த நொடியே போனிலிருந்து ஒரு அலறல்.

“அம்மா கேக்குறாங்க, உப்பு எதுக்கு?”

விருத்தாம்பாளின் கை அவளைக் கேளாமலே உப்பு ஜாடிக்குள் போயிருந்தது.

“எதுக்கா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்மா! உப்பில்லாம போட்டா நாளைக்கு என்னை எவன் நெனப்பான்?”

நேமாவுக்காகக் கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் வீடு தேடி வந்த பிள்ளைகளுக்கு உப்பில்லாக் களி போட மனசு கேட்கவில்லை. நேமா தட்டெடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு சிட்டிகையை உள்ளே தள்ளிக் கிண்டிவிட்டாள். ஏழு தட்டிலும் பாதிக்குப் பாதி மிஞ்சியது. அதுதான் அவளைச் சுட்டது.

நேமா மட்டும் பக்கத்தில் வந்து கேட்டாள். “அக்கா, நீங்க சோறு வடிக்கும்போது உப்புப் போடுவீங்களா?”

“சோத்துக்கு எதுக்குடி? கொழம்புல இருக்குதே.”

சொல்லி முடித்ததும் விருத்தாம்பாள் உப்பு ஜாடியை எடுத்து மூடிவைத்தாள். பொன்னுரங்கம் சிரிப்பை அடக்க மாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் உப்பு ஜாடியை அவர் மடியில் கொடுத்து, “நானே கேட்டாலும் குடுக்காதய்யா” என்று வெளியே உட்கார வைத்தாள். தண்டுக்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். துறைமுகத்திலிருந்து வந்த மத்தி மீனைப் பொரித்தாள். உகாலியைத் தட்டில் கவிழ்த்தபோது கோயிலில் அச்சில் வார்த்த பட்டைசாதம் போல வெள்ளையாக, விரிசலில்லாமல் நின்றது. பிள்ளைகள் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையை அள்ளினார்கள். இரண்டாவது பாத்திரமும் காலியானது.

விருத்தாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“யோவ், பாத்தியா? நாலே நாள்ல ஆப்பிரிக்கா சமையலையே கரைச்சிக் குடிச்சிட்டேன்!”

கை கழுவிக்கொண்டிருந்த நேமா திரும்பினாள். “ஆப்பிரிக்கா ரொம்பப் பெருசு அக்கா. நீங்க கத்துக்கிட்டது ஒண்ணுதான். வாழக்காயும் கறியும் அடுத்த மாசம் சொல்லித் தர்றேன்.”