அந்தப் பூஜ்ஜியம் நாகராஜன் அண்ணன் போட்டதல்ல

போன செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தபோது நாகராஜன் அண்ணனின் மனைவி போன் செய்தார். "ஒங்க அண்ணன் போயிட்டாரும்மா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அவர் ஊரான விராலிமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மணமேல்குடியிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் கட்டுமாவடியிலிருந்து நான் ஒருத்திதான். வராதவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் வராததற்குக் காரணமே நான்தான். அவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவர் கூடப் பிறந்த அண்ணன் இல்லை; மணமேல்குடியில் நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு கம்ப்யூட்டர் கடை நடத்தினோம். ஜெராக்ஸும் சான்றிதழ் விண்ணப்பமும் வயிற்றுக்கு, புரோகிராம் எழுதுவது ஆசைக்கு. டீக்கடைக்காரரைக்கூட அண்ணன் விடமாட்டார், புரோகிராமுக்குள் ஒரு வேலையை மட்டும் செய்யும் துண்டான ஃபங்ஷனைப் பற்றிப் பாடம் எடுப்பார். "ஃபங்ஷன்ங்கறது கூப்பிட்டா வந்து வேலையப் பாத்துட்டுப் போயிரும்ணே. போறப்ப எல்லாத்தையும் மறந்துரும். அடுத்த வாட்டி மொதல்லேருந்து ஆரம்பிக்கும்." டீக்கடைக்காரரோ, "எங்க மாப்ள மாதிரின்னு சொல்லுங்க" என்பார்.

கட்டுமாவடிப் படகுக்காரர்களுக்கு எழுதிய புரோகிராமில் அந்த மறதி ஆகாது. கடலுக்குப் போகிறவர் ஒரு நம்பருக்கும், திரும்பியவர் இன்னொரு நம்பருக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் ஃபங்ஷன் ஓடி ஒன்றைக் கூட்டும் அல்லது கழிக்கும். கடலில் எத்தனை படகு என்பது மீன் ஏலக்கூடத்துத் திரையில் தெரியும். நடுவில் அந்த எண் மறந்துபோகாதபடி ஃபங்ஷனுக்குள்ளேயே பத்திரப்படுத்தி எழுதினேன். ஆரம்ப எண் பூஜ்ஜியம். அண்ணன் பார்த்துவிட்டு, "கரண்டு போனா?" என்றார். "பேட்டரி இருக்குல்லண்ணே" என்றேன். ஃபைலிலும் எழுதி வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அந்த அடுத்த வாரத்துக்குள் கரண்டு போனது. பேட்டரியும் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி ஆரம்ப எண்ணிலிருந்தே ஓடத் தொடங்கியது. எல்லாப் படகுகளும் கரையேறியிருந்தன, முனியசாமியின் வள்ளத்தைத் தவிர. ஒன்று என்று காட்ட வேண்டிய திரை பூஜ்ஜியம் காட்டியது. அவர் மனைவி லட்சுமி அக்கா பதறிக்கொண்டு வந்து கேட்டபோது, "எல்லாரும் வந்தாச்சு, ஆளு இங்கிட்டுதான் எங்கயாச்சும் இருப்பாரு" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள்தான் தேடப் போனார்கள். உடல்தான் கிடைத்தது.

ஊரே திரண்டு கடை வாசலில் நின்றது. "யாரு எழுதுனது?" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "நான்தாங்க" என்றார் அண்ணன். அவர் சட்டையைப் பிடித்தார்கள். கூட்டம் போன பிறகு என்னிடம் சொன்னார்: "நான் விராலிமலைக்காரன், அங்கிட்டுப் போயிருவேன். நீ லட்சுமிக்கு எதுத்த வீட்டுல குடியிருக்கணும், தங்கச்சி. பேசாம இரு." பேசாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை எழுதவே கூசுகிறது.

புரோகிராமை அவரே திருத்தினார். ஒவ்வொரு அழைப்பிலும் எண் ஃபைலில் பதிவாகும், அதைப் படிக்க முடியாவிட்டால் திரையில் 'தெரியவில்லை' என்று வரும். "யாரும் இல்லைங்கறதும் எனக்குத் தெரியலைங்கறதும் ஒண்ணாம்மா? ரெண்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டுட்டமே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். 'போட்டுட்டியே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திருத்தியதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருடமே கடையை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

நேற்று எதிர்வீட்டுக்குப் போய் லட்சுமி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவுமில்லை, திட்டவுமில்லை. இதைத்தான் கேட்டார்: "வருசா வருசம் எங்க வீட்டுக்காரரு திதியன்னிக்கு ஒங்க அண்ணன் என் வாசல்ல வந்து நிப்பாரு. ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. நீ சன்னல்லேருந்து பாத்துக்கிட்டுதான இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். இத்தனை வருடமாக அவர் பெயரில் இருந்தது. அது என்னுடையது.