ஈ வராத பரண்

போன வருசம் தவக்காலத்தில் நடந்தது இது. கீழவைப்பாரில் எங்க வீட்டை ஒட்டித்தான் கருவாடு காயப்போடுற இடம். நெத்திலியையும் சாளையையும் மண்ணில் போடாம, கம்பு நட்டு வலை கட்டின பரணில்தான் காயவைப்பேன். என் சரக்கில் மண் நறநறக்காதுன்னு நாலு ஊருக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்போ தூத்துக்குடியில் இருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாங்க. கேமராவில் பூச்சியைப் பார்த்து, இது இன்ன பூச்சின்னு தானே கண்டுபிடிச்சு எண்ணுற ஏஐ கருவி ஒண்ணு செஞ்சிருந்தாங்க. கருவாட்டை நாள் பூரா மூடி வச்சா காயாது, திறந்து வச்சா ஈ முட்டை போட்டுப் புழு வச்சிரும். எந்த ஈ எந்த நேரத்தில் வருதுன்னு கருவி சொல்லிட்டா, அந்த நேரத்துக்கு மட்டும் மூடிக்கலாம், மருந்தே தேவையில்லைன்னு சொன்னாங்க. உங்க இடத்தில் ஒரு வாரம் வைக்கலாமான்னு கேட்டாங்க, நானும் தலையாட்டிட்டேன்.

ஆட்டின பிறகுதான் யோசிச்சேன். என் வீட்டு ஈயைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினா, அப்புறம் யாரு என்கிட்ட கருவாடு வாங்குவா? வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல தட்டை எடுத்து வைக்கிறதுதானே நம்ம வழக்கம். நானும் அதையே செஞ்சேன். கேமராவுக்கு நேரா இருந்த பரணில், ஏற்கெனவே கலகலன்னு காய்ஞ்ச நெத்திலியைப் பரப்பினேன். அன்னன்னைக்கு வர்ற ஈர மீனைப் பூரா வீட்டுக்குப் பின்னாடி கொண்டுபோனேன். நல்லாக் காய்ஞ்ச கருவாட்டை ஈ சீண்டாது. அது எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குப் பூச்சியும் கம்ப்யூட்டரும் தெரியும், மீன் தெரியாது.

அஞ்சாவது நாள் வந்து லேப்டாப்பைத் திறந்தவங்க, அப்படியே உட்கார்ந்துட்டாங்க. ஒரு ஈகூடப் பதிவாகல.

"மூணு வருச உழைப்பு அக்கா. வெள்ளிக்கிழமை இதுக்குப் பணம் கொடுக்குற பெரிய ஆட்கள் முன்னாடி ஓட்டிக் காட்டணும். கருவி கெட்டுப்போச்சு போல. இதைக் காட்டினா மூட்டை கட்டச் சொல்லிருவாங்க"ன்னு சொல்லும்போதே கண்ணு நிறைஞ்சிருச்சு. கொடுத்த டீ ஆறிக்கிட்டே இருந்துச்சு.

ஆறின டீயைச் சூடு பண்ண எடுத்தேன். உள்ளே போனா, கிழிஞ்ச வலையைப் பொத்தித் தைச்சுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏளா, ஈ பார்க்க வந்த பிள்ளைக்கு ஈ வராத இடத்தைக் காட்டிட்டு, நல்ல பேர் வாங்கப் போறியாக்கும்?"ன்னார். சுருக்குன்னு தைச்சுது.

கோயிலில் சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட எனக்கு நாக்கு அப்படி ஒட்டினதில்லை. அவங்க கையைப் பிடிச்சுப் பின்பக்கம் கூட்டிட்டுப் போனேன். ஈர மீனில் ஈ மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சுட்டாங்க. ரெண்டு பேருமா ஈர மீனை முன் பரணுக்குச் சுமந்தோம்.

அதோட தீரல. காய்ஞ்சதில் கண்ணு சுருங்கிக் கிடந்துச்சு, இப்போ ஈர நெத்திலியோட பளபளக்குற கருப்புக் கண்ணையெல்லாம் கருவி ஈன்னு எண்ணுச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு நாள் சோறு பொங்கின நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தப் படங்கள்தான். இது ஈ, இது கண்ணு, இது பக்கத்து வீட்டில் காயுற மிளகாயில் இருந்து பறந்து வந்த விதைன்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவங்க குறிச்சாங்க. அப்புறம் நான் ஒண்ணு சொன்னேன்: "இந்தப் பச்சை ஈயைப் பாருங்க. சும்மா உட்காருறது காலைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கும். முட்டை போட வந்தது செவுள் பக்கமாப் போய் பின்பக்கத்தைக் கீழே மடக்கும். அதைத்தான் விரட்டணும்." அவங்க எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதி ஒண்ணுமில்லை. ஆனா கருவிக்கு அதைச் சொல்லிக் கொடுக்கணும்னு அவங்களுக்குத் தோணலையாம்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் முட்டை போடுற ஈயை மட்டும் சிவப்புக் கட்டம் போட்டுக் கருவி காட்டுச்சு. இந்த வித்தியாசத்தை அதுக்கு எப்படிக் கத்துக் கொடுத்தீங்கன்னு ஒருத்தர் கேட்டார். அவங்க இறங்கி வந்து என் கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போய், "இவங்கதான் கத்துக் கொடுத்தாங்க"ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. காய்ஞ்ச நெத்திலியைப் பரப்பி ஏமாத்தின கதையையும் நானே சொன்னேன், அதுக்கு இன்னும் பலமாத் தட்டினாங்க.

அந்தக் கருவி இப்போ எங்க தெருவிலேயே இருக்கு. முட்டை போடுற பச்சை ஈ கூடினா ஆறு வீட்டுப் போனும் சேர்ந்து அடிக்கும், மூடுற வலையை எடுத்துக்கிட்டு எல்லாரும் ஓடுவோம். ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும் நினைச்சுக்குவேன்: பெருமைக்குன்னு முன்னால பரப்பின நெத்திலி எனக்கு எதுவும் வாங்கித் தரல, வெட்கப்பட்டுப் பின்னால ஒளிச்ச ஈர மீன்தான் என்னை அந்த மேடையில் ஏத்துச்சு.