பேரேட்டில் ஒரு பேர்

அந்தப் பேரேடுகளை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. பூச்சி அரித்த தாளின் வாடையைச் சொல்லவில்லை.

பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். மாமல்லபுரம் கடலோரத்தில் சவுக்கும் முந்திரியுமாக வளைத்து வைத்திருந்த மண்டிக்காரக் குடும்பம் ஒன்று, செங்கல்பட்டு வீட்டில் கிடந்த பழைய கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடியது. தோப்பை அழித்து ரிசார்ட் கட்டுகிறார்களாம். வருகிறவர்களுக்கு வம்சப் பெருமையைக் காட்ட வேண்டுமாம். போய்ச் சேர்ந்தேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா சாகும்வரை அந்தத் தோப்பில்தான் மாட்டுவண்டி ஓட்டினார். அவருக்கு ஒரு போட்டோ கிடையாது, ஒரு காகிதம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, பேரேடு என்றால் எல்லாருடைய பேரையும் எழுதி வைக்கிற ஏடு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா பேரு எங்கனா கீதான்னு பாரும்மா. நீ படிச்சு சொன்னா காதால கேட்டுக்குவேன்."

தேடினேன். மாடுகளுக்கெல்லாம் பேர் இருந்தது. ஒரு காளைக்குப் பேர் பேஜாரு! அதன் கொம்புக்குத் தடவிய எண்ணெய், கழுத்துப் புண்ணுக்கு வாங்கிய மருந்து, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. அதை ஓட்டியவர்? 'வண்டியாள்'. அவ்வளவுதான். பேஜாரு செத்ததற்கு அரைப் பக்கம் அங்கலாய்ப்பு. சில பக்கம் தள்ளி, 'வண்டியாள் பாம்பு கடித்து இறப்பு. வேறு ஆள் வைத்தது' என்று ஒரே வரி. என் தாத்தா பாம்பு கடித்துத்தான் செத்தார். தூ என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் கொடுத்த காபியை நான் தொடவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். காளையின் பேரைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். வண்டியாள் வரியில் அவர் கண் நிற்கவே இல்லை. ரிசார்ட்டின் காபி ஷாப்புக்கு அந்தப் பேரையே வைக்கப்போவதாகச் சொன்னார். நல்லா இருக்கு இல்ல என்று என்னையே வேறு கேட்டார். என்ன ஜென்மங்களோ.

வீட்டுக்கு வந்து, தாத்தா பேர் இல்லை என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. மாட்டுக்குக்கூடப் பேர் இருக்கிறது, மனுஷனுக்கு இல்லை என்று எரிச்சலில் பேஜாரு விஷயத்தைக் கொட்டினேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"பேஜாரா? நடுரோட்டுல படுத்துகினு எழவே எழாதாம். அதுக்கு அந்தப் பேரு வெச்சதே எங்க நைனாதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எனக்கு அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

ரிசார்ட் திறந்தபின் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஓரெழுத்தும் தெரியாத அப்பா அந்தக் காபி ஷாப் போர்டை மட்டும் அடையாளம் கண்டு, எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுவார்.