கதவு திறந்திருந்த இரண்டு நிமிடம்

அந்த வார்டைத் துடைப்பவளை எல்லோரும் ‘ஈரத்துணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்குமாற்றைத் தொடவே மாட்டாள். பெருக்கினால் தூசி எழும்பும், தூசியோடு பூஞ்சையும் எழும்பும் என்பாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தியெல்லாம் வற்றிப்போய்ப் படுத்திருந்த என் அண்ணனுக்கு ஆசையாக ஒரு பூந்தொட்டி வாங்கிப் போனேன். வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

"மண்ணுல பூஞ்சை இருக்கும்மா. நம்மள அது ஒண்ணும் பண்ணாது. இவருக்கு நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும்."

"நீ என்ன டாக்டரா?" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல. பதினாறு வருஷமா துடைக்கிறேன்." தொட்டி வெளியே போனது.

ஒரு நாள் காலை, ஒழுகிய குழாயைச் சரிசெய்ய, சொல்லாமல் கொள்ளாமல் நடைபாதையின் கூரைப்பலகையைக் கழற்றினார்கள். கறுப்புத் தூசி கொட்டியது. அண்ணன் அறைக் கதவு திறந்து கிடந்தது. வாளித் தண்ணீர் மாற்றப் போயிருந்தவள் ஓடி வந்து சாத்தினாள். பிறகு நேராக டாக்டரம்மாவிடம் கிளம்பியவளை மேற்பார்வையாளர் மறித்தார்.

"திறந்து போட்டதே நீதான். சொன்னா வேலை போயிடும். யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேனே சார்" என்றாள்.

டாக்டரம்மா அதை அண்ணனின் கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். தொட்டியை விரட்டியவள் கதவை மறந்தாளே என்று நான் வார்டே அதிரக் கத்தினேன். அவள் ஒரு சாக்கும் சொல்லவில்லை. மறுநாள் அவளைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

தூசி கொட்டிய ஒன்பதாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். வழக்கமாக முதலில் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்துச் சில நாள் பார்ப்பார்களாம். தாளில் இருந்த அந்த ஒரு வரியால் அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் பட்டாணி அளவு புள்ளி. மதியமே பூஞ்சைக்கான மருந்து ஏறியது.

"நாலு நாள் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு வாரத்தில் அண்ணன் எழுந்து நடந்தான். நான் அவளைத் தேடிப் போனேன். ஈரப் போர்வை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குத் திங்கக்கிழமை அடுத்த தவணை புற்றுநோய் மருந்து. மறுபடியும் எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த ரூமை நீங்கதான் துடைக்கணும். டாக்டரம்மாகிட்ட கேட்டு அனுமதி வாங்கிட்டு வந்துட்டேன்."

"கதவைத் திறந்து விட்டவ நான்மா."

"அதைச் சொன்னவங்களும் நீங்கதானே."

போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அப்போ அந்தக் கதவுக்குத் தானா சாத்திக்கிற ஸ்பிரிங் போடச் சொல்லுங்க. திங்கக்கிழமை வர்றேன்."