கட்டைவிரலால் சூரியனை மறைத்தவர்

செஞ்சியில் ராஜகிரி மலையடிவாரத்தில் நான் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறேன். விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் காலையில் அங்கே நடக்க வருவார். வெள்ளை மீசை, வளையாத முதுகு. உட்காரும் முன் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிச் சூரியனை மறைத்து, விரலைச் சுற்றியுள்ள வானத்தைப் பார்ப்பார்.

ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். பக்கத்தில் மோர் விற்கும் அக்காதான் கேட்டாள்.

"இன்னா சார், சூரியன் ஓடிப்போயிடும்னு அமுக்கிப் புடிக்கிறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"எதிரி விமானம் சூரியன் பக்கத்துல இருந்துதாம்மா வரும். கண்ணு கூசும், தெரியாது. போர்ல ஒருநாள், கூடப் பறந்த என் கூட்டாளி இப்படிப் பாக்கல. என் கண்ணெதிர்லயே விமானத்தோட எரிஞ்சுட்டான்."

"அப்புறம்?"

"சுட்டவன ஒத்தையா தொரத்துனேன். எண்ணெ தீரப்போவுது, திரும்புன்னு ரேடியோல கத்துறாங்க. நான் திரும்பல. அவன் விமானத்த அடிச்சேன். அவன் பாராசூட்ல குதிச்சுட்டான். பாராசூட்ல தொங்குறவன சுடக்கூடாதுன்றது எங்க வழக்கம். விசையில விரல வெச்சுக்கினு அவனையே சுத்திச் சுத்தி வந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"அதுதான் சார் பெரிய தைரியம்" என்றேன். நான் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

"தைரியமா? அவன் இந்நேரம் பேரப்புள்ளைங்களோட இருப்பான். என் கூட்டாளிக்குக் கல்யாணமே ஆவல. இப்ப கெடைச்சா விடமாட்டேன்."

நான் நீட்டிய வெள்ளரியை வாங்காமல் எழுந்தார். மறுபடியும் கட்டைவிரல் சூரியன்மேல் போனது. அந்த எதிரி வரமாட்டானா என்று ஏங்குகிற முகமாக இருந்தது அது.