மருந்து மாறி

யாரோ ஸ்டெரிலைசரை (ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டி) அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி ஓர் இரைச்சல். "அதை ஆஃப் பண்ணுங்கடி" என்று கத்தினேன். நான் வேலை பார்த்த வார்டின் வராந்தாவில், தரையில் கிடந்தபடி கத்தியிருக்கிறேன். பெட்டி அணைந்துதான் கிடந்தது. இரைச்சல் என் இடது காதுக்குள் இருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. நான் கொல்லயில் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வந்த நர்ஸ். வேலையிடத்தில் அடி வாங்கிய நர்சுகளும் அவர்களுடைய வீட்டாரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் வாசித்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குத்தான் உறைக்க வேண்டும்.

ஏழாம் படுக்கையில் தங்கம்மா என்று வெள்ளறடை ஊர்க்காரி ஒருவர் இருந்தார். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மகன் ராஜன் ஆட்டோ ஓட்டுகிறவன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டே இருப்பான். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். நல்ல பையன். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அன்று மதியம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசி மருந்தை மாற்றி எழுதினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த ஷிப்டுக்கு வந்த மேரியிடம் நான், "ஏழாம் பெட்டுக்கு மருந்து மாறி, கேட்டியா" என்றேன். கஞ்சிப் பாத்திரத்தோடு ராஜன் வாசலில் நின்றிருந்தான்.

எங்கள் பக்கத்துப் பேச்சைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கிற ஊர் இது. காய்ச்சல் குணமானால் "பனி மாறி" என்போம். டாக்டர் வேறு மருந்து எழுதினால் "மருந்து மாறி". ஒருவருக்குரிய மருந்தை இன்னொருவருக்குப் போட்டுவிட்டாலும் அதே "மருந்து மாறி"தான். எது எது என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். ராஜன் என் முதுகைத்தான் பார்த்தான்.

சாயங்காலம் தங்கம்மா இறந்துபோனார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "சிஸ்டரே, வீட்டாருகிட்ட ஒண்ணு சொல்லிரு. நான் ஓ.பி.யில உண்டு" என்றார். நான் தனியாக வராந்தாவுக்குப் போனேன்.

"ராஜா, அம்மைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

"மருந்து மாறின்னு நீதானே சொன்ன? எனக்க காதால கேட்டேன். எனக்க அம்மையைக் கொன்னுட்டியே!"

குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் இரும்பு ஸ்டாண்டு சுவரோரம் நின்றது. அதை எடுத்து ஓங்கினான். கையைத் தூக்கித் தடுத்தேன். முதல் அடி மணிக்கட்டில். அடுத்தது காதோடு சேர்த்து. வராந்தாவில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருத்தர்கூட அவன் கையைப் பிடிக்கவில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அது கூடிவிட்டது. காதைத்தான் திருவனந்தபுரத்தில் ஒரு வயதான டாக்டரிடம் காட்டினோம். "செவிப்பறை கிழிஞ்சிருக்கு, அது தானே ஒட்டும்," என்றார். "உள்ளே கேட்கிற நரம்புக்கும் அடி பட்டிருக்கு சிஸ்டர்."

"அது?"

"அது ஒட்டாது."

அழுதேன். காதுக்காக இல்லை, வேலைக்காக. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். "ஒரு காதை வச்சு பி.பி. பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "பார்க்கலாம். ஆனா வார்டுக்குள்ள போக முடியுதான்னு முதல்ல பாருங்க" என்றார். என்ன உளறுகிறார் இந்த மனுஷன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு புரிந்தது. குக்கர் விசில் அடித்தால் மேசைக்கடியில் இருப்பேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவைச் சாத்திக் குளிக்க முடியவில்லை. இடது பக்கமாக யார் வந்தாலும் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். என் வீட்டுக்காரர் மணியன் முற்றத்திலேயே நின்று, "எடி, நான் ஆக்கும். உள்ள வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சொந்த வீட்டுக்குள் நுழைவார். உங்களுக்கும் இப்படி இருந்தால் பைத்தியம் என்று பயப்படாதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். நான் தாமதமாகத்தான் போனேன்.

ஆஸ்பத்திரி மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "பாவப்பட்ட பயலாக்கும் சிஸ்டரே. அம்மை செத்த துக்கத்தில செய்துட்டான். கேஸ் வேண்டாம்."

"எனக்க காது செத்ததுக்கு யாரு துக்கம் இருப்பாவ சாரே?" என்றேன். மணியன் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேஸை நான் விடவில்லை. அது இழுத்தடித்து ஒன்றுமில்லாமல் போனது வேறு விஷயம். நான் பார்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று பின்னால் பலர் புத்தி சொன்னார்கள். வந்ததே கோபம்! இந்த ஊரில் எல்லோரும் பேசுகிற பேச்சைத்தானே பேசினேன்? மதியமே டாக்டர் ராஜனை உட்காரவைத்து, அம்மாவுக்கு மோசமாகிறது, அதனால் வேறு மருந்து போடுகிறோம் என்று சொல்லியிருந்தால் என் சொல்லை அவன் சரியாகவே கேட்டிருப்பான்.

மேனேஜரிடம் அதைத்தான் சொன்னேன். மருந்தை மாற்றினாலும் ஆள் இறந்தாலும் டாக்டர்தான் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். வராந்தாவில் நிறுத்தியல்ல, ஓர் அறையில் இருத்தி. நர்ஸ் தனியாகப் போகக்கூடாது. சம்மதமென்றால் வருகிறேன் என்றேன்.

"இது என்ன, சட்டமா?"

"எனக்க சட்டமாக்கும்."

முனகிக்கொண்டே துணி வைக்கும் அறையைக் காலி செய்து நாற்காலிகள் போட்டார்கள்.

திரும்பிப் போனேன். ஊசி போட்டேன், பி.பி. பார்த்தேன். குணமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். ஆனால் உடம்பு என்னைக் கேட்காமல் முடிவெடுக்கப் பழகியிருந்தது. நான் காலண்டரில் வேறு மாதத்தில் இருப்பேன். உடம்பு அந்தச் சாயங்காலத்திலேயே நிற்கும்.

ஒருநாள் பூவாரிலிருந்து மீன்பிடிக்கிற கடல் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. டாக்டர், "சிஸ்டரே, வீட்டாருகிட்ட..." என்று இழுத்தார். "நான் போகல்ல டாக்டர். நீங்க வாங்க" என்றேன். வந்தார். அந்த அறையில் இறந்தவருடைய மகளை இருத்தி, நடந்ததை மெதுவாகச் சொன்னார். நான் நினைத்தபடியே எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அவள், "அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றார் டாக்டர். அவள் எழுந்து என் பக்கம் திரும்பினாள். இடது பக்கமாக ஒரு கை உயர்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நினைவு வந்தபோது சுவரோரம் குறுகி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவள்தான் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பயப்படண்டாம் சிஸ்டரே. நான் அடிக்கல்ல. உங்கள ஒண்ணு பிடிச்சுக்கிடத்தான் கைய நீட்டினேன்."

என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பனுக்காக அவள் இன்னும் அழத் தொடங்கியிருக்கவில்லை.